ஆகாயத்தில் ஒரு திறந்த கதவு

அத்தியாயம் 5

கோட்டைச்சாமிக்கு நான்காவது மேசைதான் பிடித்தது.

முதல் மேசை கைகழுவும் குழாய்க்குப் பக்கம். வேண்டாம் என்றார். இரண்டாவது மேசையை ஒட்டி ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் இடத்துக்குக் காத்து நின்றது. அதுவும் வேண்டாம். மூன்றாவதில் உட்கார்ந்து, இலை விரித்து, தண்ணீரும் தெளித்த பிறகு எழுந்துவிட்டார். மத்தியான வேளையில் விருதுநகர் எண்ணெய்ப் புரோட்டாக் கடையில் கிடைத்த இடத்தை விட்டு எழுந்தவரை சப்ளையர் ஒரு பார்வை பார்த்தான். அதில் மரியாதை இல்லை.

நான்காவது மேசை வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. வாசலில்தான் புரோட்டாக் கல். அனல் முகத்தில் அடித்தது. அங்கே அவர் திருப்தியாக உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி வாஸ்து பாப்பீகளோ?" என்றான் தனுஷ்கோடி, தன் இலையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தபடி.

"முதுகுவலி."

"அடுப்பைப் பாத்து உட்கார்ந்தா ஒத்தடம் நெஞ்சுக்குல்ல கிடைக்கும்?"

"ஏலே, சும்மா இரு" என்றாள் வள்ளித்தாய்.

வள்ளித்தாய் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகத் தீ விபத்துகளைப் போய்ப் பார்த்து அறிக்கை எழுதிக்கொண்டிருந்தவள். சிவகாசிப் பக்கம் அந்த வேலைக்குப் பஞ்சமில்லை. அலுத்துப் போய், ஒரு மிளகாய் மண்டியின் மாடியில் துப்பறியும் நிலையம் திறந்தாள். தனுஷ்கோடி அவளுக்கு உதவியாள். வருகிறவர்கள் தும்மிக்கொண்டே பேச வேண்டியிருப்பதால் பொய்யைக் கோர்வையாகச் சொல்ல முடியாது. அது தொழிலுக்கு வசதி. கோட்டைச்சாமிக்குத் தும்மல் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் சந்திப்பு இங்கே.

"சொல்லுங்க அண்ணாச்சி. புதன்கிழமை சாயங்காலம் உங்க மகன் மகேஷ்குமார் எங்க இருந்தார்?"

"ஆகாயத்துல."

தனுஷ்கோடி புரோட்டாவைப் பிய்ப்பதை நிறுத்தினான். "எந்த ஊருக்கு மேல?"

"கொடைக்கானலுக்கு மேலன்னு நினைக்கேன். வீட்டு மாடியில இருந்துக்கிட்டே."

கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் ஃப்ளைட் சிமுலேட்டர். மகேஷ்குமார் அடுத்த மாதம் பைலட் படிப்புக்குப் போகிறான். அதற்கு முன்னோட்டமாக மாடி அறையில் ஒரு விமானத்தையே கட்டி வைத்திருக்கிறான். ஓட்டுவதை நேரலையாக இணையத்தில் ஒளிபரப்பவும் செய்கிறான். அதில் விமானத்தின் உள்பக்கம் தெரியும். அவன் முகம் தெரியாது.

புதன்கிழமை அவன் பறந்துகொண்டிருந்த அதே நேரத்தில், வெம்பக்கோட்டை சாலையில் ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்த பொன்னுத்தங்கம் என்ற பெண்ணை ஒரு குட்டியானை அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போனது. தொடை எலும்பு முறிவு. ஓட்டியவனை அவள் பார்க்கவில்லை. அந்தச் சின்ன லோடு வண்டியின் முதுகில் எழுதியிருந்த கம்பெனிப் பெயரை மட்டும் பார்த்தாள். எம். புதுப்பட்டியில் கோட்டைச்சாமி நடத்தும் பட்டாசுக் கம்பெனியின் பெயர்.

"அந்த வண்டிக்கு டிரைவர் முனியராஜ். சாவி அவன்கிட்டதான் இருக்கும்" என்றார் கோட்டைச்சாமி. "ஆனா அவன் என்ன சொல்றான் தெரியுமா? சின்ன மொதலாளிதான் சாவியை வாங்கிட்டுப் போனாரு, அதுவரைக்கும் நான்தான் பிளேனைப் பாத்துக்கிட்டேங்கான்."

"ஒரு பிளேனுக்கு ரெண்டு பைலட்" என்றான் தனுஷ்கோடி. "நெசமான பிளேன்லயும் அப்படித்தான் அண்ணாச்சி."

கோட்டைச்சாமி சிரிக்கவில்லை. "பொழுது சாயறதுக்குள்ள முனியராஜைக் கொண்டாந்து ஒப்படைங்கன்னு ஸ்டேஷன்ல சொல்லிட்டாக. எனக்கு ஒரே மகன். கேஸுன்னு பேர் வந்தா படிப்பு போச்சு. அந்த நாற்காலியில என் மகன்தான் இருந்தான்னு நிரூபிச்சுக் குடுங்க தாயி."

"நாற்காலியில யார் இருந்தாகன்னு கண்டுபிடிச்சுத் தாரேன்" என்றாள் வள்ளித்தாய். "அது உங்களுக்குப் பிடிச்ச ஆளா இருக்கணும்னு மட்டும் கேட்காதீக. நீங்க அந்த நேரலையைப் பாத்தீகளா?"

"கம்பெனிக்குள்ள போன் கொண்டுபோகக் கூடாதுல்லா? கேட்டுக்கு வந்து எடுத்துப் பாத்தேன். ஆகாயம் தெரிஞ்சது. பய வீட்லதான் இருக்கான்னு மறுபடியும் குடுத்துட்டு உள்ள போயிட்டேன்."

"வீட்ல இருந்துக்கிட்டே பைலட் பாடம் படிச்சா, அதுக்குப் பேரு வீட்டுப்பாடம்" என்றான் தனுஷ்கோடி, குருமாவை ஊற்றியபடி.

* * *

எம். புதுப்பட்டிக்குள் நுழைந்ததுமே கந்தக வாடை வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனது.

முனியராஜின் வீடு ஒற்றை அறை. நாற்பது வயது மனிதன். குட்டை. பிடரியில் கையகலத்துக்குத் தோல் வழவழவென்று மின்னியது. வள்ளித்தாய்க்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டான். போட்ட பிறகு ஏதோ சரியில்லாததுபோல் பார்த்து, அதை வாசலை விட்டு நகர்த்திச் சுவரோரம் போட்டான். நிலைப்படிக்குப் பக்கத்தில் தான் குத்த வைத்தான்.

அவன் மனைவி செல்வலட்சுமி தீப்பெட்டிக் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். அந்தக் கோபம் தனியாக இருந்தது.

"இந்த மனுசன் ஸ்டேஷன்ல போயி, 'நான் பிளேன் ஓட்டிக்கிட்டு இருந்தேன்'னு சொல்லியிருக்காரு. அங்கன சிரிச்ச சிரிப்புல ஒரு ஏட்டையாவுக்குப் புரையேறிருச்சாம். சைக்கிள் ஓட்டினேன்னாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"சைக்கிள் ஓட்டலையே" என்றான் முனியராஜ்.

"பாருங்கக்கா. இதை வச்சுக்கிட்டு நான் என்ன செய்யட்டும்?"

வள்ளித்தாய் அவன் பக்கம் திரும்பினாள். "நடந்ததைச் சொல்லுங்க."

"லோடு இறக்கிட்டு மொதலாளி வீட்டுக்கு வண்டியை விடப் போனேன். சின்ன மொதலாளி மாடியில இருந்து கூப்பிட்டாக. 'அண்ணே, பிளேன் மேல ஏறிருச்சு. இனி அதுவா போகும். நீ சும்மா உட்காரு. ஆள் இருக்காகளான்னு கேட்டு அப்பப்ப ஒரு பச்சைப் பெட்டி வரும். வந்தா இந்த நீளமான பட்டனை அமுக்கு. இல்லைன்னா என் ஆன்லைன் ஃபிளையிங் கிளப்ல பேரை அடிச்சுருவாங்க. மைக்கை அணைச்சாச்சு, இருமினாலும் கேக்காது'ன்னாக. என் சாவியை வாங்கிட்டுப் போயிட்டாக."

"அவருக்கு பைக், கார் கிடையாதா?"

"ரெண்டு சாவியையும் மொதலாளி பீரோவுல பூட்டிட்டாக. போன மாசம் ஒரு மைல்கல்லை இடிச்சாகல்ல."

"மைல்கல் புகார் குடுக்கலையாக்கும்" என்றான் தனுஷ்கோடி.

"நீங்க உட்கார்ந்ததும் என்ன தெரிஞ்சது?" என்றாள் வள்ளித்தாய்.

"மூஞ்சிக்கு நேரா மீட்டர் மீட்டரா இருந்துச்சு. மூச்சு முட்டுச்சு. வசதியில்லைன்னா மவுஸை அமுக்கிப் பிடிச்சு இழு, உருட்டு, பார்வை மாறும்னு அவுக சொல்லியிருந்தாக. இழுத்துப் பாத்தேன். ஒருவாட்டி கூரைக்குப் போயிருச்சு. ஒருவாட்டி கால்மாட்டுக்குப் போயிருச்சு. பெறகு ஒரு இடத்துல நல்லா இருந்துச்சு. விட்டுட்டேன்."

"எப்படி நல்லா இருந்துச்சு?"

முனியராஜ் நேர்மையாக யோசித்தான். "தெரியலக்கா. நல்லா இருந்துச்சு."

"வண்டி ஓட்டறதுக்கு முன்னால என்ன வேலை?"

"மருந்து ரூம்."

பட்டாசுக்குள் போகும் வெடிமருந்தைக் கலக்கும் அறை அது. வள்ளித்தாய் அவன் பிடரியைப் பார்த்தாள்.

"பக்கத்து ரூம் போச்சு. நான் வெளியேறிட்டேன்" என்றான் அவன். செல்வலட்சுமி அப்போது கேலி பேசவில்லை.

வெளியே வந்ததும் தனுஷ்கோடி ஸ்கூட்டரை உதைத்தான். "அக்கா, இந்த ஆள் பொய் சொன்னா இதைவிட நல்லா சொல்லுவான். ஆனா ஸ்டேஷன்ல நல்ல பொய்க்குத்தான் மதிப்பு."

"மாடியைப் பாப்போம்" என்றாள் வள்ளித்தாய். "அண்ணாச்சிக்குப் போன் போட்டு வீட்டுக்கு வரச் சொல்லு. இவங்க ரெண்டு பேரையும் வரச் சொல்லு."

* * *

மகேஷ்குமார் ஆறடி. மரியாதையான பையன். காலணியைக் கழற்றாமலே வாங்க என்றான், ஜூஸ் கொடுத்தான்.

அறையில் ஏ.சி. குளிர். சுவரோடு ஒட்டிய பெரிய மேசை, அதில் ஆள் அகலத்துக்கு ஒரு திரை, திரைக்கு முன்னால் விமானத்தின் கைப்பிடி, மேசைக்கு அடியில் மிதிகள். உட்கார்ந்தால் முகம் சுவரைப் பார்க்கும். அறையின் கதவு முதுகுக்குப் பின்னால்.

"ஓட்டக் கத்துக்கறதுக்கு முன்னால உட்காரக் கத்துக்கணும் மேடம்" என்றான். விஷயம் தெரிந்தவன் பேச்சு. "விமானத்துக்குள்ள ஒரு கேமரா இருக்கிறதா வச்சுக்குங்க. அதுதான் பைலட்டோட கண்ணு. முதல்முறை திறந்தா அது ரொம்பக் கீழே, ரொம்பக் கிட்ட இருக்கும். பாதி டேஷ்போர்டுதான் தெரியும். உயரத்தைக் கொஞ்சம் ஏத்தணும். சீட்டைப் பின்னால தள்ற மாதிரி பார்வையைப் பின்னால இழுக்கணும். ஜூமைக் குறைக்கணும், ஆனா ரொம்பக் குறைச்சா ஓரமெல்லாம் வளையும். மீட்டரும் தெரியணும், ரன்வேயும் தெரியணும், தலையும் சுத்தக் கூடாது. பிடிச்ச இடம் வந்ததும் ஒரு பட்டன்ல சேமிச்சுட்டா, எங்க போனாலும் ஒரே தட்டுல அங்க வந்துடலாம்."

"நான் ஒரு தடவை" என்று தனுஷ்கோடி உட்கார்ந்தான்.

முதலில் அவன் மூக்கு டேஷ்போர்டுக்குள் போனது. பிறகு இருக்கைக்கு அடியில் எதையோ தேடுபவன்போல் கிடந்தான். கடைசியாக ஒரு இழுப்பில் விமானத்துக்கு வெளியே வந்துவிட்டான்.

"அக்கா, இறக்கை மேல உட்கார்ந்திருக்கேன். காத்து நல்லா வருது. டிக்கெட்டும் இல்ல."

"இறங்குலே."

இறங்கி வந்தவன் அவள் காதருகே குனிந்தான். "கேஸ் முடிஞ்சதுக்கா. இவன் ஆறடி. முனியராஜ் குட்டை. வீடியோவுல பார்வை உசரமா ஏத்தியிருந்தா, குட்டையான ஆள் எக்கிப் பாத்திருக்கான்னு அர்த்தம்."

ஏ.சி. அறையில் ரகசியம் நன்றாகக் கேட்கும். மகேஷ்குமார் புன்னகைத்தான். "சார், கேமரா இருக்கிறது விமானத்துக்குள்ள. வெளியே உட்கார்ந்திருக்கிறவர் ஆறடியா மூணடியான்னு அதுக்குத் தெரியாது."

"மறுபடியும் திறந்தாச்சு கேஸு" என்றான் தனுஷ்கோடி.

புதன்கிழமை வீடியோ ஓடியது. விமானம் ரன்வேயில் உருண்டு ஏறும்போது மகேஷ்குமாரின் குரல் கலகலவென்று வந்தது. திரையில் மீட்டர்கள், முன்கண்ணாடி, ஆகாயம், எல்லாம் அளவாக. சிறிது நேரத்தில் குரல் நின்றது.

"மைக்கை அணைச்சுட்டேன்" என்றான் மகேஷ்குமார். "உயரத்துல சும்மா போறப்ப பேச என்ன இருக்கு?"

பச்சைப் பெட்டி வந்தது. யாரோ பட்டனை அமுக்கினார்கள். பெட்டி மறைந்தது. ஆகவே நாற்காலியில் ஓர் ஆள் இருக்கிறான். அதில் யாருக்கும் சந்தேகமில்லை.

பிறகு பார்வை நகர ஆரம்பித்தது. திக்கித் திக்கி. கூரை தெரிந்தது. தரை தெரிந்தது. மெதுவாகப் பின்னால் வந்து, இருக்கைக்கும் பின்னால் வந்து, இடது பக்கம் திரும்பி, ஒரு இடத்தில் நின்றது. மீட்டர்கள் பாதி மறைந்துவிட்டன. முன்கண்ணாடி ஓர் ஓரத்துக்குப் போய்விட்டது. திரையில் நான்கில் ஒரு பங்கை விமானத்தின் இடப்பக்கக் கதவு பிடித்துக்கொண்டது.

"இது வசதியான பார்வையா தம்பி?" என்றாள் வள்ளித்தாய்.

"ரிலாக்ஸா இருக்கும் மேடம். வேடிக்கை பார்க்க."

"மலை உச்சியெல்லாம் வலது பக்கம்ல இருக்கு?" என்றான் தனுஷ்கோடி.

அப்போது திரையில் மவுஸின் அம்பு கிளம்பி, தயங்கித் தயங்கி, கதவின் கைப்பிடி மேல் போய் நின்றது. ஒரு தட்டு. கதவு திறந்துகொண்டது. கீழே மலை. கதவு திறந்தபடி விமானம் போய்க்கொண்டே இருந்தது.

"காத்தோட்டத்துக்கா?" என்றான் தனுஷ்கோடி.

மகேஷ்குமார் கண் இமைக்கவில்லை. "எமர்ஜென்சி டிரில். அவசரமாத் தரையில இறங்கறதுக்கு முன்னால கதவுத் தாழ்ப்பாளை எடுத்துவிடணும். இடிச்சு இறங்கினா சட்டம் வளைஞ்சு கதவு சிக்கிக்கும், வெளியே வர முடியாது. பைலட் பாடத்துல இருக்கு."

"சரியான பதில்" என்றாள் வள்ளித்தாய். தனுஷ்கோடியின் முகம் விழுந்தது. "ஓட விடுங்க."

விமானம் கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு நிதானமாகப் போனது. பச்சைப் பெட்டிகள் வந்தன, போயின. பார்வை அசையவே இல்லை. பிறகு, ஒரே நொடியில், ஒரே தட்டில், திரை நேரானது. மீட்டர்கள், முன்கண்ணாடி, ஆகாயம். அடுத்த தட்டில் கதவு சாத்திக்கொண்டது. மகேஷ்குமாரின் குரல் மூச்சு வாங்கியபடி வந்தது: 'ஃபிரெண்ட்ஸ், இதோ இறங்கப் போறோம்.'

"நிறுத்துங்க" என்றாள் வள்ளித்தாய். "அவசரமா இறங்கறதுக்குத்தானே கதவைத் திறந்தீக? இறங்கறதுக்கு முன்னாலயே சாத்திட்டீகளே."

"டிரில் முடிஞ்சிருச்சு."

"தனுஷ்கோடி, வேற ஆள் ஓட்டின பைக்கை நீ எடுத்தா முதல்ல என்ன செய்வ?"

"பெட்ரோல் இருக்கான்னு பாப்பேன்."

"அதுக்குப் பெறகு?"

"கண்ணாடியைத் திருப்பி என் பக்கம் வச்சுக்குவேன்."

"தம்பியும் அதைத்தான் செஞ்சிருக்கார். வந்து உட்கார்ந்ததும் தன் கண்ணாடியைத் திருப்பி வச்சுக்கிட்டார். ஒரே தட்டு. அதுக்கு முன்னால இருந்த ஆளுக்கு அந்தத் தட்டு தெரியல. இழுத்து இழுத்துத்தான் இடம் பிடிச்சிருக்கான்."

மகேஷ்குமார் ஜூஸ் டம்ளரை மேசையில் வைத்தான். "மேடம், என் வீடியோ, என் அக்கவுண்ட், என் குரல். மவுஸைத் திக்கித் திக்கி இழுத்தேன்னு யாரையும் கோர்ட்ல நிறுத்த முடியாது."

"வாஸ்தவம்" என்றாள் வள்ளித்தாய். "முடியாது. அதனாலதான் உங்க அப்பாவை வரச் சொன்னேன்."

* * *

கோட்டைச்சாமி வந்தார். பின்னால் முனியராஜும் செல்வலட்சுமியும். செல்வலட்சுமி முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் பேசாமல் வந்திருக்கிறாள் என்பது முனியராஜின் முகத்தில் தெரிந்தது.

ஒரு நாற்காலி இருந்தது. கோட்டைச்சாமி அதை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முகம் பாதி திரைக்கு, பாதி அறைக் கதவுக்கு. நடுவில் நின்ற தனுஷ்கோடியைக் கையால் ஒதுக்கினார். "அங்கன நிக்காதப்பா."

"முழுசாப் பாருங்க அண்ணாச்சி" என்றாள் வள்ளித்தாய். "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

வீடியோ மறுபடி ஓடியது. மகனின் குரல் வந்தபோது கோட்டைச்சாமிக்கு முகம் மலர்ந்தது. மலை வந்தபோது, "அழகாத்தான் இருக்கு" என்றார். ஒரு காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

பார்வை இழுபட்டது. கூரை. தரை. பின்னால், இன்னும் பின்னால், இடது பக்கம்.

கால் ஆட்டம் நின்றது.

அம்பு போய்க் கைப்பிடியைத் தட்டியது. கதவு திறந்தது.

"நிப்பாட்டு" என்றார்.

அந்த அறையில் திரையில் நின்ற படத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் மூன்றே பேர். ஒருவன் முனியராஜ், அவன் சொன்னால் எடுபடாது, அவனுக்கே தான் செய்தது இன்னும் புரியவில்லை. ஒருத்தி வள்ளித்தாய், கூலிக்கு வந்தவள். மூன்றாவது ஆள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பொழுது சாயும். முனியராஜ் ஸ்டேஷனுக்குப் போவான். மகன் படிக்கப் போவான்.

"இந்த இடத்துல யாருலே உட்கார்ந்திருந்தது?" என்று கேட்டார் கோட்டைச்சாமி.

"நான்தாம்ப்பா."

"எதுக்குக் கதவைப் பாத்து உட்கார்ந்த?"

"டிரில்ப்பா. மேடத்துக்கிட்ட சொல்லிட்டேன்."

"உன் மேசையைப் பாருலே. சுவத்தைப் பாத்துப் போட்டிருக்க. கதவு முதுகுக்குப் பின்னால கிடக்கு. பொறந்ததுல இருந்து நீ எந்த வீட்லயாவது கதவைத் தேடி உட்கார்ந்திருக்கியா?"

மகேஷ்குமார் தன் மேசையைத் திரும்பிப் பார்த்தான்.

கோட்டைச்சாமி திரையைப் பார்த்தே பேசினார். "கம்பெனி ஆரம்பிச்ச புதுசுல மருந்துக்கு ஆள் வரமாட்டான். நானே கலக்குனேன். மருந்து ரூம்ல உட்கார்ந்தா கண்ணுல கதவு இருக்கணும். கதவுக்கும் நமக்கும் நடுவுல ஆளும் இருக்கக் கூடாது, சாமானும் இருக்கக் கூடாது. தாழ்ப்பாள் போடவே கூடாது. ஒரு சீசன் அப்படி உட்கார்ந்தா போதும். அப்புறம் உடம்பே இடம் தேடும். பஸ்ஸுல, கல்யாண மண்டபத்துல, புரோட்டாக் கடையில..."

நிறுத்தி வள்ளித்தாயைப் பார்த்தார். "நீங்க அப்பவே பிடிச்சுட்டீக."

"இல்ல அண்ணாச்சி. அப்ப முதுகுவலின்னுதான் நினைச்சேன்."

"நான் வாஸ்துன்னு" என்றான் தனுஷ்கோடி.

முனியராஜ் வாயைத் திறந்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நானா கதவைத் தொறந்தேன்?"

"பெறகு நானா?" என்றாள் செல்வலட்சுமி. குரல் உடைந்திருந்தது.

"சாத்தியிருந்துச்சு மொதலாளி" என்றான் அவன், மன்னிப்புக் கேட்பவன்போல. "உள்ள ஆளை வச்சுக் கதவைச் சாத்தியிருந்தா, கை சும்மா இருக்குமா?"

"இருக்காது" என்றார் கோட்டைச்சாமி.

"அப்பா" என்றான் மகேஷ்குமார். "நீங்க எனக்காகத்தானே இவங்களை வரவழைச்சீங்க?"

"ஆமாலே. உனக்காகத்தான்."

அந்த இரண்டு வார்த்தையில் பையன் உடைந்தான். வெம்பக்கோட்டை அணைக்கட்டில் நண்பர்கள் மீன் பொரித்துக்கொண்டிருந்தார்கள். சும்மா போய்விட்டு வரலாம் என்று போனான். நேரமாகிவிட்டது. விமானம் இறங்கும் இடம் நெருங்கிக்கொண்டிருந்தது. முனியராஜுக்கு இறக்கத் தெரியாது. திரையில் விமானம் விழுந்துவிட்டால் கிளப்பில் பேர் போய்விடும். விரட்டிக்கொண்டு வந்தான். வளைவில் ஆடுகள். ஆட்டுக்குப் பின்னால் அந்த அம்மா.

"நிக்கணும்னுதான் நினைச்சேன்ப்பா. பிளேன் இறங்கப் போகுதேன்னு..."

கோட்டைச்சாமி அவனை ஏறிட்டுப் பார்த்தார்.

"நெசமான ரோட்டுல ஒரு பொம்பளையைப் போட்டுட்டு, பொம்மை விமானத்தைப் பத்திரமா இறக்கியிருக்க" என்றார்.

மகேஷ்குமாரின் கண் அறைக் கதவுக்குப் போனது. வாழ்க்கையில் முதல்முறையாக அவன் கதவைத் தேடினான். அவனுக்கும் கதவுக்கும் நடுவில் தனுஷ்கோடி நின்றான், செல்வலட்சுமி நின்றாள், அப்பாவின் நாற்காலி கிடந்தது. தனுஷ்கோடி ஒரு அடி முன்னால் வந்து கையை அகட்டி நின்றுகொண்டான்.

கோட்டைச்சாமி எழுந்தார். தன் நாற்காலியைத் தூக்கிச் சுவரோரம் வைத்தார்.

"யாரும் வாசல்ல நிக்காதீக" என்றார். "தம்பி, நீயும் தள்ளு. செல்வலட்சுமி, நீயும்தான். வழியை விடுங்க. ஏலே மகேஷு, வழி இருக்கு. கீழ நான் வந்த கார் நிக்குது, பூட்டல. முதல்ல ஆஸ்பத்திரி. அந்தப் பொம்பள முன்னால போய் நின்னு, நான்தான்னு சொல்லு. பெறகு ஸ்டேஷன். ஓடணும்னாலும் அதே கதவுதான். என்ன செய்யப் போறன்னு நான் திரும்பிப் பாக்க மாட்டேன்."

சொன்னவர் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். அப்படி நிற்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்பது அவருடைய தோளில் தெரிந்தது.

மகேஷ்குமார் நடந்தான். படியில் இறங்கும் சத்தம் கேட்டது. ஓடும் சத்தம் இல்லை. ஒவ்வொரு படியாக. கீழே கார்க் கதவு திறந்து சாத்திய சத்தம். இன்ஜின் சத்தம் வரவில்லை. பையன் உள்ளே உட்கார்ந்து காத்திருந்தான்.

கோட்டைச்சாமி பெருமூச்சு விட்டார். கார்ச் சாவியை இடுப்பிலிருந்து எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் இறங்கிப் போனார்.

"அக்கா, நம்ம ஃபீஸு?" என்றான் தனுஷ்கோடி மெதுவாக.

"கதவு தொறந்துதானே கிடந்துச்சு. போயிருச்சு."

செல்வலட்சுமி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கேலி திரும்பி வந்துவிட்டது. "ஏங்க, பிளேன் ஓட்டினது போதும். வீட்டுக்கு வாங்க. ஸ்டேஷன்ல அந்த ஏட்டையாவுக்கு இப்ப எப்படிப் புரையேறுதுன்னு பாப்போம்."

முனியராஜ் இன்னும் திரையின் முன்னால்தான் நின்றான். நின்ற இடத்தில் நின்றிருந்தது விமானம். மலைக்கு மேல், கதவைத் திறந்து போட்டுக்கொண்டு.

"அக்கா, இதைச் சாத்திட்டுப் போகணுமா?"

"வேண்டாம்" என்றாள் வள்ளித்தாய். "அப்படியே இருக்கட்டும்."